பழைய பிக்கப் வண்டியும் ஒரு ராடு ஹீட்டரும்

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் நம் செயலாளர், “சார், ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்” என்றார். நயாகரா அருவி, மேப்பிள் இலை என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். என் மகள் இருப்பது எட்மண்டன். அங்கிருந்து நயாகராவுக்கு விமானத்தில்தான் போக வேண்டும். நாங்கள் போகவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் அதிகம் பார்த்தது ஒரு பழைய பிக்கப் வண்டியின் இன்ஜினைத்தான். குளிர்காலம் வருவதற்கு முன் அந்த இன்ஜினுக்கு மின்சார ஹீட்டர் பொருத்தினோம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். நம் வளாகத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள் என்று போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதினொரு வீட்டிலிருந்து பதில் வந்தது. அதில் நாலு பேர் படிக்கப் போய் ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். முதல் வருடம் கையில் காசு இருக்காது. வண்டி வாங்கினால் பழைய வண்டிதான் வாங்குவார்கள். “வண்டி வாங்கிட்டேன்பா” என்று போட்டோ அனுப்புவார்கள். நாமும் கலர் நன்றாக இருக்கிறது, எலுமிச்சம்பழம் வைத்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காக முப்பது வருடத்துக்கு மேல் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். மெக்கானிக் இல்லை. அங்கே டார்ச் பிடித்தேன், கணக்கு எழுதினேன், வண்டியின் கையேட்டை இரண்டு முறை முழுக்கப் படித்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

வண்டி 1994-ஆம் வருட ஃபோர்டு எஃப்-150. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள 4.9 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மாப்பிள்ளை கட்டட வேலைக்குப் போகிறவர், சாமான் ஏற்ற வேண்டும் என்பதால் பிக்கப். மகளுக்கு முதியோர் இல்லத்தில் பணி. காலை ஏழு மணிக்கு ஷிப்ட். அந்த நேரத்துக்கு அவர்கள் பகுதியிலிருந்து சரியான பஸ் கிடையாது. மாப்பிள்ளைதான் வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். இதற்கு முந்தைய குளிர்காலத்தில் மூன்று நாள் வண்டி கிளம்பவே இல்லை. மூன்று நாள் சம்பளம் போனதோடு, அங்கே மேலதிகாரியிடம் பேச்சும் கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவள், தகுதிகாண் காலம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற காரணத்தை அந்த ஊரில் ஒரு முறைதான் ஏற்றுக்கொள்வார்கள். அந்த ஊரில் எல்லோரும் அந்தக் குளிரில்தானே வருகிறார்கள்.

எட்மண்டனில் விற்கிற வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் ஹீட்டர் இருக்கும். முன்பக்க கிரில்லில் மூன்று முள் உள்ள ஒரு பிளக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எல்லா வண்டியும் மின்சார வண்டி என்று நினைத்தேன். மாப்பிள்ளை வாங்கிய வண்டி மேற்குக் கடற்கரையில், வான்கூவர் பக்கம் ஓடிய வண்டி. அங்கே மழைதான் அதிகம், கடும் குளிர் கிடையாது. அதனால் அந்த வண்டியில் ஹீட்டரே இல்லை. விலை குறைவாக இருந்ததற்கு அது ஒரு காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

இன்ஜினுக்கு எதற்கு ஹீட்டர்? மார்கழி மாதம் காலையில் குளிக்கப் போகிறீர்கள். தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைப்பீர்கள். பாட்டிலுக்குள் யாரும் நெருப்பு வைப்பதில்லை. சுற்றி இருக்கும் தண்ணீரைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய் தானாக இளகும். இன்ஜின் ஹீட்டர் செய்வதும் இதேதான். இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டைச் சூடாக்குகிறது. அதன் மூலம் இரும்பும், இரும்போடு ஒட்டியிருக்கும் எண்ணெயும் இளகுகின்றன.

நம் ஊரில் தேங்காய் எண்ணெய் உறைவது சுமார் 24 டிகிரியில். எட்மண்டனில் ஜனவரியில் மைனஸ் 30 வரும் நாட்கள் உண்டு. இன்ஜின் ஆயில் அதில் கல்லாக உறையாது, ஆனால் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ என்பது விண்டர். 10 என்றால் மைனஸ் 25-இலும், 5 என்றால் மைனஸ் 30-இலும், 0 என்றால் மைனஸ் 35-இலும் இன்ஜினைச் சுழற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். வான்கூவர்க்காரர் ஊற்றி வைத்திருந்தது 10டபிள்யூ-30. முதல் வேலையாக அதை இறக்கினோம்.

எண்ணெய் இறுகினால் இன்ஜினைச் சுழற்ற அதிக சக்தி வேண்டும். அதே குளிரில் பாட்டரியின் சக்தி குறைகிறது. மைனஸ் 18-க்கே சாதாரண பாட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். செலவு ஏறும்போதே வரவு குறைகிறது. வங்கியில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். போதாக்குறைக்கு அந்தக் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. ஸ்டார்ட் ஆக அதிகம் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கழுவிவிடுகிறது. பழைய இன்ஜின் தேய்வது அந்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான். முப்பது வருட வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை.

இடையில் ஒரு சங்கதி. அங்கே டிவியில் மைனஸ் 28, ஆனால் காற்றோடு சேர்ந்து மைனஸ் 40 போல இருக்கும் என்பார்கள். அந்த மைனஸ் 40 உங்களுக்கும் எனக்கும்தான். வண்டிக்கு இல்லை. காற்று அடித்தால் இரும்பு சீக்கிரம் குளிரும், ஆனால் வெளியே இருக்கும் மைனஸ் 28-க்குக் கீழே போகாது. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மைனஸ் 40 என்பது சென்டிகிரேடிலும் ஃபாரன்ஹீட்டிலும் ஒரே எண். அமெரிக்காக்காரரும் கனடாக்காரரும் சண்டை போடாமல் ஒத்துப்போகும் ஒரே குளிர் அதுதான்.

இந்த ஹீட்டர் ஒரு பெரிய கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலம், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தை நிர்வகித்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் கண்டுபிடித்தது. பழைய செம்புக் குழாயையும், பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடாகும் கம்பியையும் வைத்துத்தான் முதல் ஹீட்டரைச் செய்தார். 1949-இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் குளிர்ப் பிரதேசங்களில் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் ஆயிலை இறக்கி வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலையில் மறுபடி ஊற்றுவார்களாம். ஒரு கூட்டுறவுச் சங்கக்காரர் இதைச் செய்தார் என்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

ஹீட்டரில் பல ரகம் உண்டு. ஆயில் தொட்டிக்கு அடியில் ஒட்டும் தகடு ஒன்று. காந்தத்தில் ஒட்டுவதும் இருக்கிறது, ஆனால் தொட்டி இரும்பாக இருக்க வேண்டும், அலுமினியத்தில் ஒட்டாது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் சொருகுவது இன்னொன்று. பொருத்துவது சுலபம், சூடு ஏற நேரமாகும். டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் விடும் கம்பி ஒன்றும் கடையில் தொங்குகிறது. மலிவு. ஆனால் அவ்வளவு பெரிய இன்ஜினுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாங்கள் வைத்தது பிளாக் ஹீட்டர். பிளாக் என்றதும் நம் ‘ஏ’ பிளாக், ‘பி’ பிளாக் என்று நினைக்க வேண்டாம். இன்ஜினின் பிரதான வார்ப்பு இரும்புக்கு பிளாக் என்று பெயர். அதன் பக்கவாட்டில் வட்டமான ஓட்டைகள் இருக்கும். அவற்றைச் சின்னக் கிண்ணம் மாதிரி இரும்பு மூடியால் அடைத்திருப்பார்கள். ஃப்ராஸ்ட் பிளக் என்பார்கள். தண்ணீர் உறைந்தால் இந்த மூடி தெறித்து இன்ஜினைக் காப்பாற்றும் என்று அங்கேயே பலர் நம்புகிறார்கள். அந்த ஓட்டைகள் மணல் அச்சில் இன்ஜினை வார்க்கும்போது வந்தவை. மூடி சில சமயம் தெறிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. அதில் ஒரு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹீட்டரைச் சொருக வேண்டும். நம் வீட்டில் பக்கெட்டில் போடும் ராடு ஹீட்டரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அக்டோபரில் செய்ய வேண்டும். ஜனவரியில் இல்லை. கூலன்ட்டை இறக்க வேண்டும், ஈரக் கையோடு இரும்பைத் தொட வேண்டும், மல்லாந்து படுக்க வேண்டும். மைனஸ் 20-இல் எந்த மனுஷனும் அதைச் செய்ய முடியாது. அப்போது மெக்கானிக்குகளிடம் போனாலும் வரிசை நீளமாக இருக்கும். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை அங்கே நன்றி தெரிவிக்கும் நாள் என்று விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் கிடைத்தது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டி வேலை பார்க்கக் கூடாது என்று விதி இருந்ததால், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பர் தன் வீட்டு கராஜைக் கொடுத்தார். பராத்தாவும் கொடுத்தார். அவரும் வண்டி வேலை தெரிந்தவர்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றினார்கள். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து கூலன்ட்டை ஒரு அகலமான தொட்டியில் பிடித்தோம். ஒரு சொட்டுகூடத் தரையில் விடவில்லை. கூலன்ட் கொஞ்சம் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். பழைய கூலன்ட்டை மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, அதற்கென்று இருக்கும் சேகரிப்பு மையத்தில் கொடுத்தோம். நம் ஊரில் மெக்கானிக் கடை வாசலில் சாக்கடைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

எந்த ஓட்டையில் ஹீட்டர் போக வேண்டும் என்பது இஷ்டத்துக்கு இல்லை. ஹீட்டர் பெட்டியோடு வரும் தாளில் எந்த இன்ஜினுக்கு எந்த ஓட்டை என்று படம் போட்டிருக்கிறது. வேறு ஓட்டையில் சொருகினால் உள்ளே கம்பி சுவரில் இடித்துச் சூட்டில் கருகிவிடும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பதால் எங்களுக்கு ஓட்டையை எட்டுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. வி-8 இன்ஜினாக இருந்தால் புகைக்குழாயும் இன்ஜின் தாங்கியும் குறுக்கே நிற்கும், அதில் பாதி நாள் போய்விடும் என்றார் நண்பர்.

அந்த மூடியைக் கழற்றுவதுதான் நான் ரசித்துப் பார்த்த வேலை. இழுத்தால் வராது. மூடியின் ஒரு ஓரத்தில் பஞ்சை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். ஒரு ஓரம் உள்ளே போகும், மறு ஓரம் வெளியே வரும். ரூபாய் நாணயம் குறுக்காகத் திரும்பி நிற்பதுபோல நிற்கும். அப்போது குறடால் பிடித்து இழுத்துவிடலாம். ஓங்கி அடித்தால் மூடி இன்ஜினுக்குள் விழுந்துவிடும், பிறகு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. மாப்பிள்ளை பொறுமைசாலி. “மாமா, டார்ச்சைக் கொஞ்சம் கீழே பிடிங்க” என்று மட்டும் நாலு தடவை சொன்னார். மூடி வந்ததும் மிச்சக் கூலன்ட் பொங்கி வந்தது, அவர் சட்டையெல்லாம் நனைந்தது. பின்னாடியே ஒரு டம்ளர் அளவுக்குச் செம்மண் நிறத்தில் துருச் சேறு. முப்பது வருடம் அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் விட்டு அலசி, ஓட்டையின் உள்விளிம்பை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார்கள். இந்தத் தேய்ப்பில் அவசரப்பட்டால் பிறகு ஒழுகும்.

ஹீட்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் கூலன்ட்டைத் தடவி, தாளில் சொன்ன கோணத்தில் கம்பி இருக்கும்படி உள்ளே அழுத்தி, நடுத் திருகை முடுக்கினார்கள். எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. அதற்கென்று இருக்கும் ரெஞ்ச்சால்தான் முடுக்க வேண்டும். வயரைப் புகைக்குழாய், மின்விசிறி, ஸ்டியரிங் தண்டு எதிலும் படாமல் கட்டிக்கட்டிக் கொண்டுவந்து கிரில் வழியே பிளக்கை வெளியே விட்டார்கள். வயர் எங்கேயும் இழுபடாமல் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆடும்.

இனிமேல் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ராடு ஹீட்டரைத் தண்ணீர் இல்லாத பக்கெட்டில் போட்டு சுவிட்ச் போட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறி, மறுபடி அளவு பார்த்து ஊற்றிய பிறகுதான் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கலாம். “வேலை செய்யுதா, ஒரு நிமிஷம் சொருகிப் பார்ப்போம்” என்ற ஆசையில் முன்னாலேயே சொருகிப் புது ஹீட்டரைக் கருக்கியவர்கள் அந்த ஊரில் நிறைய என்றார் நண்பர். இன்ஜினை ஓட்டும்போது கராஜ் கதவை முழுக்கத் திறந்துவிட்டோம். குளிருக்கு பயந்து மூடிய கராஜில் வண்டியை ஓடவிட்டுச் செத்தவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கூலன்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அது எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். அப்படி இல்லை. தண்ணீரே கலக்காத எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 13-இலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கிளைக்கால் அறுபது, தண்ணீர் நாற்பது என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். அதற்கு மேல் கிளைக்காலைக் கூட்டினால் பலன் குறையத்தான் செய்யும். எங்கள் வண்டியில் பழையதைச் சோதித்தபோது மைனஸ் 18 வரைதான் தாங்கும் என்று காட்டியது. யாரோ அவ்வப்போது வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். அதோடு ஜனவரிக்குப் போயிருந்தால் ஸ்டார்ட் ஆகாதது ஒரு பக்கம், இன்ஜினே விரிசல் விட்டிருக்கும். ஹீட்டர் இருக்கிறதே என்று கூலன்ட்டில் அலட்சியம் காட்டக் கூடாது. ராத்திரி கரன்ட் போனால் ஹீட்டர் இல்லை.

வேலை முடிந்து இரண்டாம் நாள் ஓட்டையோரம் ஒரு சொட்டு தெரிந்தது. இன்ஜின் ஒரு முறை சூடாகி ஆறிய பிறகு திருகை மறுபடி பார்க்க வேண்டும் என்று தாளிலேயே இருக்கிறது. கால் சுற்று முடுக்கியதும் நின்றது. பிறகு ஓம் மீட்டரில் பார்த்தோம். 600 வாட், 120 வோல்ட் ஹீட்டர் என்றால் 24 ஓம் காட்ட வேண்டும். 120-ஐ 120-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வரும் எண்தான். கிட்டத்தட்ட அதே வந்தது. பிளக்கைச் சொருகிக் காதை வைத்துக் கேட்டால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம். என் மகள் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

இனி என் துறை. கணக்கு. 600 வாட் ஹீட்டரை மாலை ஏழு மணிக்குச் சொருகிக் காலை ஏழுக்குப் பிடுங்கினால் 12 மணி நேரம், 7.2 யூனிட். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சொருகி வைத்தாலும் இன்ஜின் சூடு பெரிதாக ஏறுவதில்லை. உள்ளே போகிற சூடும் வெளியே போகிற சூடும் சமமாகிவிடும். கனடா அரசின் இயற்கை வளத் துறை இரண்டு மணி நேரமே போதும், டைமர் போடுங்கள் என்கிறது. பழைய பெரிய இன்ஜின் என்பதால் நாங்கள் மூன்று மணி நேரம் வைத்தோம். 1.8 யூனிட். ஒரு யூனிட் 15 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரிக்கு 27 சென்ட். 12 மணி நேரம் போட்டால் 1 டாலர் 8 சென்ட். ஒரு குளிர்காலத்துக்கு 100 ராத்திரி என்றால் 27 டாலருக்கும் 108 டாலருக்கும் உள்ள வித்தியாசம். டைமரின் விலை இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. அந்த 27 டாலரிலும் ஒரு பகுதி பெட்ரோலில் மிச்சமாகிறது. மைனஸ் 20-இல் ஹீட்டர் போட்டுக் கிளம்பினால் பத்து சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் என்று அதே துறை சொல்கிறது. ஹீட்டர், கூலன்ட், ஆயில், டைமர், வயர் எல்லாம் சேர்த்து 200 டாலருக்குள் முடித்தோம். ஒரு மெக்கானிக் கடையில் கேட்டதற்குச் சொன்ன தொகை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டுக்குள் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் வயர் அந்தக் குளிரில் விறைத்து வெடித்துவிடும். வெளியில் போடுவதற்கென்றே செய்த, மூன்று கம்பி உள்ள வயர் வாங்க வேண்டும். அங்கே தடிமனுக்கு 16, 14, 12 என்று நம்பர் சொல்கிறார்கள். நம்பர் குறையக் குறையக் கம்பி தடிமன். நாங்கள் வாங்கியது 14. நம் கணக்கில் சுமார் 2 சதுர மில்லிமீட்டர். சொருகிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கக் கூடாது.

நம் கூட்டத்துக்குச் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டிகளுக்கு முன்னால் இடுப்பளவு கம்பம் நிற்கிறது. அதில் பிளக் பாயின்ட். போன பொதுக்குழுவில் மின்சார வண்டிக்கு பார்க்கிங்கில் சார்ஜிங் கொடுப்பதா, யார் பணம் கட்டுவது என்று நாம் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் செய்தோமே, அந்தக் கேள்வியை அந்த ஊர்க்காரர்கள் பல வருடமாகச் சமாளித்து வருகிறார்கள். பிளக் உள்ள இடத்துக்குச் சில கட்டடங்களில் தனி வாடகை. சில கட்டடங்களில் எல்லாக் கம்பத்துக்கும் ஒரே நேரத்தில் கரன்ட் போகாது. இந்த வரிசைக்குக் கொஞ்ச நேரம், அந்த வரிசைக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். வெளியே குளிர் குறைந்தால் தானாக நின்றுவிடும். மொத்த லோடு பாதியாகிறது, எல்லா வண்டியும் கிளம்புகிறது. கமிட்டிக்காரர்கள் யோசித்துப் பார்க்கலாம். இதற்கு மேல் சொன்னால் மறுபடி வாக்குவாதம் வரும்.

ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மைனஸ் 31. டைமர் மூன்று மணிக்கே போட்டுவிட்டிருந்தது. மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார், இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பக்கத்து இடத்தில் ஒரு பையன் ரிமோட்டில் வீட்டுக்குள் இருந்தே ஸ்டார்ட் செய்யும் வசதியுள்ள புது காரை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தான். ரிமோட் இருந்தால் ஹீட்டர் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ரிமோட் என்பது நீங்கள் குளிரில் நிற்காமல் இருப்பதற்கு. இன்ஜின் அதே குளிரில்தான் நிற்கிறது. மாப்பிள்ளை கேபிளை எடுத்து அந்தப் பையனுக்குத் தன் பாட்டரியிலிருந்து உதவினார். முந்தைய வருடம் நாங்கள் வாங்கிய உதவி அது.

ஆகவே, கனடாவிலிருந்து, அதிலும் வின்னிபெக், சாஸ்கட்டூன், ரெஜைனா, கால்கரி, எட்மண்டன் பக்கத்திலிருந்து பிள்ளை போன் செய்து வண்டி வாங்கப் போகிறேன் என்றால், நீங்கள் கேட்க வேண்டியது: முன்னால் பிளக் தொங்குகிறதா? தொங்கினால் அது வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாயா? பல பழைய வண்டியில் பிளக் மட்டும் இருக்கும், உள்ளே ஹீட்டர் கருகியிருக்கும். கூலன்ட் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று சோதித்தாயா? பாட்டரி எந்த வருடத்தியது? நீ நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் உண்டா? இதையெல்லாம் கேட்டால் பிள்ளை முதலில் ஆச்சரியப்படுவான், அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று. தெரியாவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் விடச் சொல்லுங்கள். எல்லாரும் மல்லாந்து படுத்துக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அக்டோபருக்குள் விடச் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் இரண்டு கேள்வி வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

‘பி’ பிளக்கா, ‘சி’ பிளாக்கா என்று கிண்டலோடு ஆரம்பித்த நம் பொருளாளர், நம் ஜெனரேட்டருக்கும் இப்படி ஹீட்டர் உண்டா என்று கேட்டார். உண்டு. ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில், கரன்ட் போன சில நொடிகளில் முழு லோடையும் ஏற்க வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களில் கூலன்ட்டை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்க ஹீட்டர் வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் ஓடும் ஜெனரேட்டருக்கு அது தேவையில்லை. அதற்கென்று செலவு கணக்கு யாரும் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொரு கேள்வி, கிளம்பும் அவசரத்தில் பிளக்கைப் பிடுங்க மறந்து ஓட்டிப் போய்விட்டால் என்ன ஆகும் என்று ‘ஏ’ பிளாக் மாமி கேட்டார்கள். வயர் அறுந்து வண்டியோடு ரோட்டில் இழுபட்டுக்கொண்டே போகும். அங்கே அடிக்கடி பார்க்கலாம். அதனால்தான் என் மகள் வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகு பிளக்கில் சொருகுவாள். கதவைத் திறக்கும்போதே கையில் தட்டுப்படும்.